தேய்பிறை நிலவில் சிவனொளிபாத மலை

உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலையின் பருவம் தொடங்குகிறது. டிசம்பர் மாதப் பௌர்ணமியில் ஆரம்பித்து மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடியும் இந்த மாதங்களில்தான் மலைப்பாதையில் மின்விளக்கு எரியும், தேநீர்க்கடைகள் திறந்திருக்கும், பொலிஸ் காவலும் முதலுதவியும் கிடைக்கும். முகப்பில் கமுகம்பாளை கட்டிய பஸ்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டிப் பக்கம் போகத் தொடங்கினால் மலைக்குப் போகிற காலம் வந்துவிட்டது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெசாக் கழிந்தால் தென்மேற்குப் பருவமழையும் பேய்க்காற்றும் மலையை எடுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் இரவில் ஏறுவதைப் பற்றி இந்த நூல் பேசாது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை இரவோடு இரவாக மலையேற்றி, விடியலைக் காட்டி, பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கப் பொறுப்பேற்பவருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. அவர் கோயில் வாலிபர் சங்கத் தலைவராக இருக்கலாம், பாடசாலை ஆசிரியராக இருக்கலாம், நாலு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போகும் மாமாவாகவும் இருக்கலாம். மலையில் எந்தப் படி எங்கே என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை; விளக்கும் கூட்டமும் வழியைக் காட்டிவிடும். எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது, யாரை எங்கே நடக்க விடுவது, எப்போது திரும்பச் சொல்வது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

எந்த இரவு?

பௌர்ணமி என்றதும் எல்லோரும் போயா இரவையே பிடிக்கிறார்கள். என் ஆலோசனை வேறு. போயா இரவை விட்டுவிடுங்கள். போயா கழிந்த இரண்டாம், மூன்றாம் இரவில் போங்கள்.

முதற்காரணம் நெரிசல். துருத்து, நவம், மெதின் போயா இரவுகளில், அதிலும் போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்து நீண்ட விடுமுறையாகிவிட்டால், உச்சிக்குக் கீழே உள்ள செங்குத்தான படிகளில் கூட்டம் உறைந்து நின்றுவிடும். ஒரு படி ஏறி, பத்து நிமிடம் நின்று, இன்னொரு படி. வியர்த்த உடம்போடு அந்தக் குளிரில் நிற்பதுதான் நடப்பதைவிடக் கடினம். விடியலுக்கு முன் உச்சி சேராமல் வரிசையிலேயே சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது காரணம் நிலவே. பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது எழுந்து, சூரியன் எழும்போது மறையும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். ஆகவே போயா கழிந்த இரண்டாம் இரவில் எட்டு மணிவாக்கில் எழும் நிலா, நீங்கள் நல்லதண்ணியில் நடக்கத் தொடங்கும் ஒன்றரை இரண்டு மணிக்குத் தலைக்கு மேலே நிற்கும். விடியும்போதும் மேற்கே வானத்தில் இருக்கும். நடை முழுவதும் உங்களோடு வரும் நிலா அது. போயாவுக்கு இரண்டு நாள் முன்னே போனால் இதற்கு நேர்மாறு: நாலு நாலரை மணிக்கே நிலா இறங்கிவிடும், மிகக் கடினமான கடைசிப் படிகளில் இருட்டுத்தான் மிஞ்சும். வளர்பிறை மாலை நடைக்கு நல்லது. விடியலை நோக்கி ஏறுபவருக்குத் தேய்பிறையே தோது. பஞ்சாங்கத்தில் துவிதியை, திருதியை என்று போட்டிருக்கும் இரவுகளைப் பாருங்கள். அவை சனிக்கிழமையில் விழுந்தால் சதுர்த்திவரை தள்ளிப்போடலாம். நிலா சற்றுத் தேய்ந்திருந்தாலும் அந்த வெளிச்சம் போதும்.

தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமியும் அடுத்த மாசிப் பௌர்ணமியும் மலையின் இந்தப் பக்கத்தில் வானம் தெளியும் காலம். மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. நிலவுக்காகப் போய் முகிலைப் பார்த்துவிட்டு வர நேரும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை உண்டு, இரவு பெரும்பாலும் தெளிவு. வானிலை எதிர்வுகூறலோடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் புறப்படும் அன்று காலையில் பாருங்கள். கண்டி, நுவரெலியா மாவட்டங்களுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அடுத்த மாதமும் நிலா வரும்.

கூட்டமும் தலைவரும்

இந்த மலைக்கு வழித்துணையோடு போவது மிகப் பழைய வழக்கம். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கியபோது அங்கே இருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்ட ஒரே வரம், ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். மன்னர் ஒரு பல்லக்கைக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே உடன் அனுப்பினார். வழி தெரிந்தவர் வேறு, துணைக்கு வருபவர் வேறு, சுமப்பவர் வேறு. இன்றைக்கும் ஒரு கூட்டத்தை இதைவிட நன்றாகப் பிரிக்க முடியாது. அட்டைக் கடிக்கு எலுமிச்சஞ்சாறு பிழிவார்கள் என்பதையும் இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். அதையும் நம்பி எடுத்துப் போகலாம்.

சிங்களக் கிராமத்தவர் இதை ஓர் ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். யாத்திரைக் கூட்டத்துக்கு ‘நடே’ என்று பெயர். அதை நடத்துபவர் ‘நடே குரா’. பலமுறை மலையேறிய மூத்தவர்தான் அந்தப் பொறுப்புக்கு வருவார். முதல்முறை வருபவர்களை அவர் தனியாகக் கவனிப்பார். எங்கே குளிப்பது, எங்கே ஓய்வது, என்ன பேசக் கூடாது என்பதெல்லாம் அவர் சொற்படி. தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம்: வயதான ஒருவர் முன்னே கற்பூரத் தட்டோடு போவார், அவரைத் தாண்டி இளசுகள் ஓட மாட்டார்கள்.

அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இருவரை நியமியுங்கள். கடைசியில் வருபவர் எந்தக் காரணத்துக்காகவும் எவரையும் முந்தக் கூடாது. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னே நடப்பவருக்கு அடுத்ததாக விடுங்கள். இதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கோட்டை விடுகின்றன. மெதுவானவரைப் பின்னே விட்டால் முன்னால் போனவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்துக் காத்திருப்பார்கள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். ஓய்வே இல்லாமல் நடப்பவர் அந்த ஒருவர்தான். அவரை முன்னே விட்டால் எல்லோரும் அவர் வேகத்துக்கு வருவார்கள், அவரும் கூச்சப்பட மாட்டார்.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே முழு வசனம் பேச முடிந்தால் சரியான வேகம். முடியாவிட்டால் முன்னே நடப்பவர் குறைக்க வேண்டும். ஓய்வு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் உட்கார்ந்தால் வியர்வை ஆறி நடுக்கம் பிடிக்கும். “இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?” என்ற கேள்வியை மலையில் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பக்தியும் உண்டு, அனுபவமும் உண்டு. சொல்லப்படும் எந்த விடையும் களைத்தவரை இன்னும் களைக்க வைக்கும்.

போகுமுன்

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம், 5,000க்கு மேற்பட்ட படிகள். உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். இளவயதுக்காரர் மூன்றரை மணி நேரத்தில் ஏறலாம். குடும்பமாகப் போனால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

பயிற்சிக்குக் கண்டியைச் சுற்றியே இடம் இருக்கிறது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஞாயிறு காலைகளில், உடவத்தைக்கலைக் காட்டுப் பாதைகளில் நடக்கத் தொடங்கலாம்; பஹிரவகந்தை ஏற்றம் நெஞ்சுக்கு நல்ல சோதனை. கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம் ஹந்தானை மலைத்தொடரில் ஒரு பகல் நடை போய்வந்தால் யாருடைய முழங்கால் எப்படி என்பது தெரிந்துவிடும். ஹந்தானையை நிலவு நடைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கண்டிக்கு அருகிலேயே இருந்தாலும் அங்கே விளக்கில்லை, படியில்லை. புற்றரையில் நாலு பக்கமும் ஒற்றையடிப் பாதை பிரியும். சில நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிடும். பகலில் போனவர்களே வழிதவறி, படையினர் தேடிப்போய்க் கூட்டிவந்த செய்திகள் வந்திருக்கின்றன.

இதயநோய் உள்ளவர்கள், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தக்காரர், குளிரில் இழுப்பு வருபவர், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. ஏறும் வழியில் மாரடைப்பால் இறந்தவர்கள் உண்டு. நீரிழிவுக்கு ஊசி போடுபவர் இரவு முழுக்க நடக்கும்போது சீனி இறங்கும் என்பதை நினைவில் வைத்து உணவையும் மருந்தையும் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும், வேறொருவர் பையில் அல்ல. இவற்றைத் தலைவர் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேர் நடுவில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

மது வேண்டவே வேண்டாம். அது பக்திக்குப் பொருந்தாது என்பது ஒருபுறம். உடம்புச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து காற்றில் பறக்க விடும் என்பது இன்னொருபுறம்.

பையில் என்ன?

கட்டுகஸ்தோட்டை கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஆறு ஆறரைப் பாகை சூடு குறையும். தை மாத இரவில் நம் வீட்டு முற்றத்தில் 18, 19 பாகை என்றால் உச்சியில் ஏழு எட்டுப் பாகை, அதன்மேல் காற்று. ஏறும்போது இந்தக் குளிர் தெரியாது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடிவாரத்திலேயே ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ஏறுபவர் அரை மணி நேரத்தில் நனைந்துவிடுவார். நடக்கும்போது மெல்லிய சட்டை போதும். ஜேர்சி, கம்பளித் தொப்பி, கழுத்துத் துணி எல்லாம் பையில் இருக்கட்டும்.

பையில் மிக முக்கியமான பொருள் ஓர் உலர்ந்த மேற்சட்டை. உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கடையொன்றில் ஒதுங்கி, முதுகைத் துவாயால் துடைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, அதன் மேல் ஜேர்சியைப் போடுங்கள். பெண்களுக்கு மறைப்பாக ஒரு சேலையையோ போர்வையையோ பிடிக்க இருவர் வேண்டும்; அதையும் முன்பே பேசி வையுங்கள். இதைச் செய்தவர் உச்சியில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். செய்யாதவர் பல் கிட்டித்து, சூரியன் வருமுன் இறங்கத் துடிப்பார்.

உச்சி மேடையில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பனி ஊறிய சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்பது எப்படியிருக்கும் என்பது நின்றவருக்குத்தான் தெரியும். தடித்த காலுறை இரண்டு சோடி எடுங்கள். ஒன்று நடைக்கு, ஒன்று உச்சிக்கு. சப்பாத்து பழகியதாக இருக்கட்டும், புதிதாக வாங்கியதோடு வர வேண்டாம். இறங்கும்போது பெருவிரல் நகம் முன்னே இடிக்கும். இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை: டோர்ச், மழையங்கி, ஜீவனி இரண்டு பைக்கற்று, சித்தாலேப, பஞ்சும் ஒட்டுப்பட்டியும், ஒரு விசில். விளக்கெரியும் பாதைதான் என்றாலும் மின்சாரம் போகும் வேளை உண்டு. மூவருக்கு ஒரு டோர்ச்சாவது வேண்டும். குளிரில் கைப்பேசியின் மின்கலம் சீக்கிரம் இறங்கும், ஆகவே உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். சாப்பாட்டுக்குக் கச்சான், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், தோடம்பழம். ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியும் வெந்நீரும் இரவு மூன்று மணிக்குச் செய்கிற வேலையை எந்தப் பிஸ்கட்டும் செய்யாது. சோற்றுப் பார்சலைப் பொலித்தீனில் கட்டாமல் வாழையிலையில் கட்டுங்கள். இந்த மலைக்காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. நாம் போடும் போத்தல் மழையோடு உருண்டு ஓடைக்குப் போகிறது. மஸ்கெலியா ஓயாவும் களனி கங்கையும் இங்கிருந்துதான் நீர் கொள்கின்றன. கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வர வேண்டும். கடைசியில் நடப்பவர் கையில் ஒரு வெற்றுச் சாக்கு இருந்தால் நல்லது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து நல்லதண்ணிக்கு

கண்டியிலிருந்து ஹட்டனுக்குப் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீற்றர். பஸ்ஸில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பருவத்தில் கண்டியிலிருந்து நேராக நல்லதண்ணிக்கே இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் விடப்படுவதுண்டு. கண்டியில் பஸ் நிலையங்கள் இடம் மாறிக்கொண்டிருப்பதால் ஹட்டன் பஸ் எங்கே நிற்கிறது என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள். மாலையில் பாலத்தடி நெரிசல் நம் ஊருக்குப் பழையது. பிற்பகல் இரண்டு மணிக்குள் ஊரைவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் போக விரும்புவோர் மலையகப் பாதையில் ஓட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். மண்சரிவால் நிற்கும் நாட்கள் உண்டு.

பகல் வெளிச்சத்தில் போனால் இந்த வழியே ஒரு பாடம். கினிகத்தேனைக்குப் பக்கத்தில்தான் அம்பகமுவ. முதலாம் விஜயபாகு மன்னன் பாதமலை யாத்திரிகர்களுக்குச் செய்த அறங்களைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான பழமை. கண்டிச் சீமையிலிருந்து மலைக்குப் போன பழைய வழியும் இந்தப் பக்கந்தான். ஹட்டன் தாண்டி நோர்வூட், மஸ்கெலியா வழியே போகும்போது மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கூடவே வரும். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதில் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும். இரவில் மலையிலிருந்து கீழே பார்க்கும்போது நிலவில் மின்னும் நீர்ப்பரப்பு இதுதான்.

நல்லதண்ணியை எட்டு மணிக்குள் அடைந்து, சூடாகச் சாப்பிட்டு, மடத்திலோ வாடகை அறையிலோ படுத்துவிடுங்கள். நித்திரை வராவிட்டாலும் காலை நீட்டிப் படுப்பது அவசியம். பலர் இரவு ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்கி இரண்டு மணிக்கு உச்சி சேர்ந்து, நாலு மணி நேரம் குளிரில் கிடக்கிறார்கள். தேய்பிறை இரவில் நெரிசல் குறைவென்பதால் ஒரு மணிக்கு எழுந்து ஒன்றரைக்குப் புறப்படலாம். முதியவர் இருந்தால் பன்னிரண்டரைக்கு.

ஏற்றம்

தொடக்கத்தில் தேயிலைக்கு நடுவே அகன்ற, சாய்வான பாதை. எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும். முன்னே நடப்பவர் வேண்டுமென்றே மெதுவாகப் போக வேண்டிய இடம் இது. மகர தோரணத்தைத் தாண்டி, ஜப்பானிய பிக்குகளின் சமாதான தூபியை நிலவில் வெள்ளையாகப் பார்த்தபின் சீத கங்குல வரும். சிங்கள யாத்திரிகர் இங்கே நீராடி வெள்ளுடை மாற்றுவார்கள். அந்த நீரில் இரவு இரண்டு மணிக்கு முழுகுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முகமும் கையும் காலும் கழுவினால் போதும்.

அதன்பிறகு படிகள். ஒரே உயரத்தில் இல்லாத படிகள். அதனால்தான் கால் சோர்கிறது. உயரமான படியில் ஒரே காலை எப்போதும் முன்வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். தேநீர்க்கடைக்காரர் பலர் இந்தப் பக்கத்துத் தோட்டத் தமிழர். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயைக் கையில் வாங்கி, கோப்பையின் சூட்டில் விரல்களை உருட்டிக்கொண்டே, நேற்றிரவு காற்று எப்படி, மேலே கூட்டம் எப்படி என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது எந்த வானிலை அறிக்கையையும்விட நம்பகமானது. கடையில் கூட்டத்தை எண்ணுங்கள். பெயர் சொல்லி எண்ணுங்கள். இருட்டில் தலையை எண்ணினால் பக்கத்துக் கூட்டத்து ஆளும் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

ஒதுங்கப் போகிறவர் தேயிலைக்குள்ளோ காட்டுக்குள்ளோ இறங்கக் கூடாது. வழியில் கழிப்பறைகள் இருக்கின்றன. இந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. வெளிச்சப் பாதையில் கூட்டமாக நடப்பவரிடம் அது வராது, தனியாகப் புதருக்குள் போகிறவர் விடயம் வேறு.

எதிரே இறங்கி வருகிறவர்கள் “கருணாவ” என்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். அரோகரா என்பவருக்கும், பாவா ஆதம் மலைக்கு வந்த முஸ்லிம் அன்பருக்கும் இந்தப் படிகள் ஒன்றே. ஒருவர் பாட்டை இன்னொருவர் ஒலிபெருக்கியால் அடக்காமல் போவது நம் கூட்டத்தின் மரியாதை. கைப்பேசியில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல்முறை வருபவர்கள் ஊசியும் நூலுமாக நிற்பதைப் பார்ப்பீர்கள். புத்தர் சீவர ஆடையைத் தைத்த இடம் என்பது ஐதிகம். தலைவர் முடிவெடுக்க வேண்டிய இடமும் இதுவே. இதற்கு மேலேதான் மகாகிரிதம்ப, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறும் செங்குத்து. யாருக்காவது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், பேச்சுக் குழறல், நிற்காத நடுக்கம் இருந்தால் அவரை ஏற்றாதீர்கள். துணைக்கு ஒருவரை விட்டுக் கடையிலேயே இருக்க வையுங்கள், இல்லையேல் முதலுதவிக்காரரிடம் சேருங்கள். அவரும் வருத்தப்படுவார், வீட்டாரும் “இவ்வளவு தூரம் வந்துவிட்டு” என்பார்கள். தலைவர் இரங்கக் கூடாது. கிழக்கு வெளுப்பதைக் கடை வாசலிலிருந்தும் பார்க்கலாம்.

பின்னிரவில் நிலா மலைக்கு அந்தப்புறம் சாயும்போது கடைசிப் படிகள் சில மலையின் சொந்த நிழலில் விழக்கூடும். டோர்ச்சைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை மாற்றும் வேலையை இங்கே முடியுங்கள்.

உச்சியில்

தை, மாசியில் சூரியன் ஆறு இருபதுக்கும் ஆறரைக்கும் இடையில் எழும். ஐந்தரைக்கு உச்சியில் இருந்தால் போதும். பாதத்தை வணங்குங்கள், படமெடுக்காதீர்கள். மணியை ஏறிய தடவைக் கணக்குப்படி அடிப்பது வழக்கம். முதல்முறை வந்தவர் ஒருமுறை அடித்தால் போதும்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்குப் பக்கம் முண்டியடிப்பார்கள். உங்கள் கூட்டத்தை மேற்குப் பக்கம் நகர்த்துங்கள். கீழே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் கூரான முக்கோணமாக விழுந்து கிடக்கும். மலை எந்த வடிவில் இருந்தாலும் இத்தனை நீண்ட நிழல் தொலைவில் ஒடுங்கி முக்கோணமாகவே கண்ணுக்குத் தெரியும். சூரியன் ஏற ஏற அது மலையடிக்குச் சுருங்கி வரும். பௌர்ணமியை ஒட்டிய காலைகளில் இன்னொன்றும் கிடைக்கும்: நிலா சூரியனுக்கு ஏறக்குறைய எதிரே இருப்பதால், அந்த நிழல் காட்டும் திசையிலேயே, அதற்கு மேலே, வெளுத்துப்போன நிலா நிற்கும். நிழலையும் நிலாவையும் ஒரே பார்வையில் காணும் இந்தக் காட்சிக்காகத்தான் தேய்பிறையின் முதல் நாட்களை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இறக்கமும் வீடு திரும்புதலும்

ஏறும்போது நெஞ்சு உழைக்கும், இறங்கும்போது முழங்கால். ஏழு மணிக்கு முன் இறங்கத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் படி சுடும். சப்பாத்துக் கயிற்றை இறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, சிறு அடிகளாக இறங்க வேண்டும். ஓடக் கூடாது. ஏற்றத்தில் வராத சுளுக்கு இறக்கத்தில்தான் வருகிறது, அதுவும் தேயிலைக்குள் வந்துவிட்டோம் என்று கவனம் தளரும் கடைசி அரை மணி நேரத்தில். மரங்களில் குளவிக்கூடு தெரிந்தால் புகையோ சத்தமோ வேண்டாம்.

அவசரத்துக்கு மூன்று இலக்கங்களை எல்லோர் கைப்பேசியிலும் பதிந்திருக்கச் செய்யுங்கள்: சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, இடர் முகாமைத்துவ நிலையம் 117.

இந்தப் பயணத்தில் மிக ஆபத்தான பகுதி மலையில் இல்லை, திரும்பும் வீதியில் இருக்கிறது. வான் பிடித்துப் போகிறவர்கள் ஓட்டுநரையும் “நீங்களும் வாங்க அண்ணே, புண்ணியம்” என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். இரவு முழுக்க நடந்த அந்த மனிதர் காலையில் மஸ்கெலியா வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறார். பின்னே இருப்பவர்கள் எல்லோரும் தூங்குகிறார்கள். யாத்திரை வாகனங்கள் பள்ளத்தில் கவிழ்ந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஓட்டுநருக்கும் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். உங்களுக்குக் கட்டும் அதே வாடகைதான். அவர் மலைக்கு வர ஆசைப்பட்டால் இன்னொரு முறை பயணியாக அழைத்துப் போங்கள். அவர் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தேநீர் குடித்த பிறகே வண்டி எடுக்க வேண்டும். கூட்டத்தில் யாருக்காவது அவசரம் என்றால் அவரை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுங்கள், ஓட்டுநரை எழுப்பாதீர்கள்.